சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஹார்ப்பிகள்: காமிக்ஸ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிரேக்கப் புராணத்தின் ஹார்ப்பிகள் காமிக்ஸில் தலைகாட்டினால் பயமுறுத்துவதைவிடச் சிரிக்கவைப்பதுதான் அதிகம். ஏன் அப்படி, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது, அதில் எது இன்னும் எடுபடுகிறது, எது ஊசிப்போய்விட்டது என்று வாசகர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஹார்ப்பி என்றால் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பெண் முகம், சிறகு, கொக்கி போன்ற நகம், தீராத பசி. தௌமாஸ், எலெக்ட்ரா தம்பதியின் மகள்கள் என்றும் வானவில் தேவதை ஐரிஸின் உடன்பிறப்புகள் என்றும் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்கிறார். அயெல்லோ, ஒக்கிபெத்தே என்று இரண்டு பெயர்களையும் தருகிறார். ரோமானியக் கவிஞர் வர்ஜில் கெலைனோ என்று ஒருத்தியைப் பேசவைக்கிறார். ஹோமரில் வரும் பொடார்கே அகிலீஸின் குதிரைகளுக்குத் தாய்.

ஆதியில் இவர்கள் புயல்காற்று மாதிரி. ஹோமரின் ஒடிஸி காவியத்தில் பல வருடங்களாக அப்பா ஒடிசியஸ் ஊர் திரும்பாததைப் பற்றி மகன் டெலிமாக்கஸ் புலம்பும்போது, ஹார்ப்பிகள் அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டன என்கிறான். ஆள் காணாமல் போனதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான்.

அவர்கள் அழகிகள் என்று ஒருவர் சொல்கிறார், அவலட்சணம் என்று இன்னொருவர். எது சரி?

இரண்டும். ஹெசியோடுக்கு அவர்கள் அழகிய கூந்தல் கொண்டவர்கள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் அருங்காட்சியகத்தில் கி.மு. 530 வாக்கில் செய்யப்பட்ட ஒரு மதுக் கிண்ணம் இருக்கிறது. அதில் ஹார்ப்பிகள் சிறகு முளைத்த இளம்பெண்கள், பறவை உடம்பே கிடையாது. பிற்பாடு வர்ஜில் வந்துதான் பசியில் வெளுத்த முகம், நாற்றமடிக்கும் வயிறு என்று சேர்த்து அவர்கள் தோற்றத்தைக் கெடுத்தார். காமிக்ஸ் ஓவியர்கள் பெரும்பாலும் வர்ஜில் கட்சி.

சரி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஃபினியஸ் கதையைத் தெரிந்துகொண்டால் புரியும். ஃபினியஸ் குறிசொல்லும் அரசர். தேவர்களின் அரசன் ஜீயஸின் மனதில் இருப்பதை ஒன்று விடாமல் மனிதர்களிடம் சொல்லிவிட்டார் என்பதால் அவருக்குத் தண்டனை. கண் போய்விட்டது. அது போதாதென்று, அவர் முன்னால் சாப்பாடு வைத்ததும் ஹார்ப்பிகள் பாய்ந்து வந்து பறித்துப் போய்விடும். ஏதாவது மிச்சம் வைத்தாலும் அதில் தாங்கமுடியாத நாற்றத்தைப் பரப்பிவிட்டுப் போகும். உயிர் போகாத அளவுக்கு ஒரு வாய் மட்டும் மிஞ்சும்.

பாட்டி சுட்ட வடையைக் காகம் தூக்கிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபடும். தட்டு வருகிறது, கை நீள்கிறது, தட்டு காலி. மறுநாள் மறுபடி அதே. ஓவியருக்கு மூன்று கட்டம் போதும், வசனமே வேண்டாம்.

இதைப் பழைய கிரேக்கக் குயவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் கெட்டி அருங்காட்சியகத்தில் கி.மு. 480 வாக்கிலான தண்ணீர்க் குடம் ஒன்று இருக்கிறது. பார்வையற்ற ஃபினியஸ் ஒரு பக்கம் கையை நீட்டியபடி இருக்கிறார். நீளமான உடை அணிந்த ஹார்ப்பிகள் கையில் சாப்பாட்டோடு பறந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கைக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில்தான் நகைச்சுவையும் இருக்கிறது, பரிதாபமும் இருக்கிறது.

பார்வையற்ற கிழவர் பட்டினி கிடப்பதைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை இல்லையா?

கொடுமைதான். அதனால்தான் இந்தக் கதையை வைத்து நன்றாகச் சிரிக்கவைத்தவர்கள் எல்லோரும் ஃபினியஸின் நாற்காலியில் வேறு யாரையாவது உட்காரவைத்தார்கள். வீரர்களை, சாப்பாட்டு ராமன்களை, கஞ்சர்களை. தட்டு காலியானால் நமக்கு வருத்தம் வராத ஆளாக அவர் இருக்கவேண்டும். என்னைக் கேட்டால், ஹார்ப்பி நகைச்சுவையின் வரலாறே அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதன் வரலாறுதான்.

காமிக்ஸுக்கு முன்னாலேயே இவர்களை வைத்துக் கேலி செய்தவர்கள் உண்டா?

உண்டு. கி.மு. 421இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'அமைதி' நாடகத்தில் கோரஸ் பாடகர்கள் மெலாந்தியஸ் என்ற துன்பியல் கவிஞரையும் அவருடைய சகோதரரையும் போட்டுத் தாக்குகிறார்கள். தின்பண்டப் பிசாசுகள், திருக்கை மீன் எங்கே என்று நோட்டம் விடும் ஹார்ப்பிகள் என்று வசவு. திட்டு வாங்குபவர்கள் ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். இங்கே ஹார்ப்பி என்றால் பெண் என்பது விஷயமே இல்லை, வயிறுதான் விஷயம்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பலைஃபட்டஸ் என்பவர் புராணங்களுக்கெல்லாம் 'உண்மையில் நடந்தது என்ன' என்று விளக்கம் எழுதினார். அவர் கணக்கில் ஹார்ப்பிகள் பறவைகளே இல்லை, கிழட்டு ஃபினியஸின் சொத்தைச் செலவழித்துத் தீர்த்த சொந்த மகள்கள். அவர் சீரியஸாகத்தான் எழுதினார். படிக்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது என்றால் அது அவர் குற்றமில்லை.

ஈனியட் காவியத்தில் ஹார்ப்பிகள் வருவது நகைச்சுவைக் காட்சியா?

வர்ஜில் அப்படி எழுதவில்லை. ஆனால் அந்த மூன்றாம் காண்டத்தைப் படக்கதையாக வரைந்து பாருங்கள், சிரிக்காமல் இருக்கமுடியாது.

ட்ராயிலிருந்து தப்பிய ஈனியஸும் அவன் ஆட்களும் ஸ்ட்ரோபடீஸ் தீவுகளில் ஒதுங்குகிறார்கள். மேய்ப்பன் இல்லாமல் மாடுகளும் ஆடுகளும் மேய்கின்றன. யாருடையது என்றெல்லாம் கேட்கவில்லை, அடித்துச் சமைத்துக் கடற்கரையில் பந்தி போடுகிறார்கள். ஹார்ப்பிகள் பாய்ந்து வந்து எல்லாவற்றையும் நாசம் செய்கின்றன. பாறையின் அடியில் மரங்கள் மறைக்கும் இடமாகப் பார்த்து மறுபடி பந்தி. மறுபடி நாசம். மூன்றாவது முறை, ஒரு காவியத்தின் வீரர்கள் வாளையும் கேடயத்தையும் புல்லுக்குள் ஒளித்துவைத்துவிட்டுப் பதுங்கிக் கிடக்கிறார்கள். மிசேனஸ் உயரமான இடத்திலிருந்து ஊதுகொம்பில் சமிக்ஞை கொடுக்கிறான். ட்ராய்ப் போரில் பிழைத்த படை, மாட்டுக்கறிக்காகப் பறவைகளோடு மோதுகிறது. வாள் இறகில் பட்டு வழுக்குகிறது, ஒரு காயம்கூட இல்லை.

அப்புறம் கெலைனோ பாறைமேல் உட்கார்ந்துகொண்டு நியாயம் கேட்கிறாள். எங்கள் மாடுகளையும் வெட்டிவிட்டு எங்கள் மண்ணிலிருந்தே எங்களைத் துரத்தச் சண்டையும் போடுகிறீர்களா என்கிறாள். அவள் கேட்பது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. பதில் சொல்ல ஆளில்லை. இதற்குத் தண்டனையாக, இத்தாலி போய்ச் சேர்ந்தாலும் பசி தாங்காமல் உங்கள் மேசைகளையே கடித்துத் தின்பீர்கள் என்று குறி சொல்லிவிட்டுப் பறந்துபோகிறாள். கேட்டவர்களுக்கு ரத்தம் உறைந்துவிடுகிறது. சண்டை வேண்டாம், கும்பிடலாம் என்று இறங்கிவருகிறார்கள்.

இந்தக் குறி நான்கு காண்டங்கள் தள்ளிப் பலிக்கும் விதம்தான் அருமை. இத்தாலிக் கரையில் இறங்கியவர்கள் தட்டுக்குப் பதிலாக மெல்லிய கோதுமை ரொட்டிகளைப் பரப்பி, அதன்மேல் பழங்களை வைத்துச் சாப்பிடுகிறார்கள். பழம் தீர்ந்தும் பசி அடங்கவில்லை, ரொட்டியையும் பிய்த்துத் தின்கிறார்கள். ஈனியஸின் மகன் பையன், அவன்தான் முதலில் கவனிக்கிறான்: அடடே, மேசையைக்கூடத் தின்கிறோமே! அவன் வேடிக்கையாகத்தான் அதைச் சொன்னான் என்று வர்ஜிலே எழுதுகிறார். நான்கு காண்டங்களாகத் தொங்கிக்கொண்டிருந்த சாபம் ஒரு சிறுவனின் ஜோக்கில் முடிந்துபோகிறது. பஞ்ச் லைனுக்கு இவ்வளவு தூரம் காத்திருந்த எழுத்தாளர்கள் குறைவு.

இதில் இன்னொரு கூத்து: அந்த நேரத்தில் ஈனியஸ், இதை என் அப்பா அன்றே சொன்னார் என்கிறான். சொன்னது கெலைனோ. காவியம் முழுமையாகத் திருத்தப்படுவதற்கு முன்பே வர்ஜில் இறந்துவிட்டதால் தங்கிப்போன முரண் என்று இதைச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மாட்டையும் பறிகொடுத்து, சொன்ன குறிக்கான பெயரையும் பறிகொடுத்த கெலைனோவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

காமிக்ஸில் ஹார்ப்பி நகைச்சுவைக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டச் சொன்னால்?

கார்ல் பார்க்ஸ் எழுதி வரைந்து 1955இல் வெளியான அங்கிள் ஸ்க்ரூஜ் கதை, 'தி கோல்டன் ஃப்ளீஸிங்'. டொனால்ட் டக்கின் மாமாவான ஸ்க்ரூஜ் உலகத்திலேயே பெரிய பணக்கார வாத்து, அதே அளவுக்குக் கஞ்சன். தங்கத்தில் ஒரு கோட்டு வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கிரேக்க வீரன் ஜேசன் கப்பலேறித் தேடிப்போன தங்க ஆட்டுத்தோல் நினைவுக்கு வருகிறது. ஆசையைக் காட்டி, அந்தத் தோல் இருந்த கொல்கிஸ் நாட்டுக்கு அவரைக் கடத்திக்கொண்டு போகிறவர்கள் ஹார்ப்பிகள். எதற்கு? அவர்கள் நடத்தும் சமையல் போட்டிக்கு நடுவராக உட்காரவைக்க. பார்ஸ்னிப் என்று ஒரு வெள்ளைக் கிழங்கு இருக்கிறது, அதில் செய்த புட்டிங்கை அவர் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இங்கே பார்க்ஸ் செய்திருப்பதைப் பாருங்கள். புராணத்தில் ஹார்ப்பிகள் சாப்பாட்டைப் பறிப்பார்கள். இங்கே சாப்பாட்டைத் திணிக்கிறார்கள். தட்டு காலியாவது தண்டனையாக இருந்தது போய், தட்டு நிறைவது தண்டனையாகிவிட்டது. ஃபினியஸின் நாற்காலியில் இருப்பவரோ கோடிகோடியாகப் பணம் குவித்த கிழவர், அவர் வாய் கோணுவதைப் பார்த்து யாரும் கண்ணீர்விடப் போவதில்லை. நடுவர் வேலையும் லேசுப்பட்டதா? ஒருத்தி சமையலைப் பாராட்டினால் மற்றவர்கள் சும்மா விடுவார்களா?

புராணத்தைக் கிண்டல் செய்கிறேன் என்று பலர் உள்ளே கைப்பேசியையும் காரையும் கொண்டுவந்து வைப்பார்கள். பார்க்ஸ் எதையும் கொண்டுவரவில்லை. கதையில் ஏற்கெனவே இருந்த ஒரு தட்டை மட்டும் திருப்பிவைத்தார்.

அந்தக் கதையில் அவர்களுக்கு 'லார்க்கிகள்' என்றல்லவா பெயர்?

ஆமாம். பார்க்ஸ் முதலில் ஹார்ப்பி என்றுதான் எழுதினார். பதிப்பாளர்கள் தடுத்துவிட்டார்கள். கொச்சை ஆங்கிலத்தில் அது தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளியைக் குறிக்குமாம், குழந்தைகள் புத்தகத்தில் ஆகாதாம். வரைந்து முடித்த முப்பத்திரண்டு பக்கங்களும் வீணாகாமல் இருக்க, பெயரை மட்டும் மாற்றித் தப்பித்ததாகப் பார்க்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

காலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவே கொதித்துக்கொண்டிருந்த நேரம், 1954இல்தான் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்தன. பார்க்ஸின் புத்தகங்களை வெளியிட்ட டெல் நிறுவனம் அந்தத் தணிக்கை அமைப்பில் சேரவில்லை, எங்கள் புத்தகங்கள் ஏற்கெனவே சுத்தம் என்று பெற்றோருக்குத் தனி உறுதிமொழி அச்சிட்டது. அப்படி மார்தட்டிய இடத்தில் ஒரு கிரேக்கப் பறவையின் பெயருக்குக்கூடப் பயம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

சிடுசிடுப்பான மனைவி, கத்தும் மாமியார் என்று ஹார்ப்பியாக வரையும் கார்ட்டூன்கள் நிறைய உண்டே. அவையும் இந்த மரபுதானா?

மரபு பழையதுதான். ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' நாடகத்தில் பெனடிக் தன் வாயாடி எதிரி பியாட்ரிஸை ஹார்ப்பி என்கிறான். இவளோடு மூன்று வார்த்தை பேசுவதைவிட, ஆசியாவின் மறுகோடிக்குப் போய்ப் பல் குத்தும் குச்சி வாங்கிவரச் சொன்னாலும் போகிறேன் என்று இளவரசரிடம் கெஞ்சுகிறான். ஆனால் அங்கே கேலிக்கு ஆளாவது அவன்தான். வாய்ச்சண்டையில் தோற்றுவிட்டு ஓடுகிறான், கடைசியில் அவளையே கல்யாணமும் செய்துகொள்கிறான்.

பின்னால் வந்த கார்ட்டூன்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு வசவை மட்டும் எடுத்துக்கொண்டன. பெண் தலைக்குக் கீழே கழுகு உடம்பை ஒட்டினால் ஜோக் முடிந்தது என்று நினைப்பது சோம்பேறித்தனம். அதில் சம்பவமே கிடையாது, ஒரு தோற்றம் மட்டும்தான். எனக்கு அது சிரிப்பு மூட்டியதே இல்லை.

அரசியல் கேலிச்சித்திரங்களில்?

பிரான்சில் ஒரு விசித்திரக் கதை உண்டு. 1784இல் தென் அமெரிக்காவில் ஓர் ஏரிப் பக்கம் பிடிபட்ட ஹார்ப்பி என்று சொல்லி அச்சுப் படங்கள் பாரிஸில் விற்றன. மனித முகம், கொம்பு, வௌவால் சிறகு, இரண்டு வால். கட்டுக்கதைதான், ஆனால் ஊரே அதைப் பற்றிப் பேசியது. அரசி மரி அந்துவானெத்தின் ஊதாரித்தனம் பற்றிய பேச்சும் அப்போதே உண்டு. புரட்சி வந்தபிறகு ஒரு படத்தில் அரசியின் முகத்தோடு ஒரு ஹார்ப்பி, மனித உரிமைப் பிரகடனத்தையும் அரசியல் சட்டத்தையும் நகத்தால் கிழிக்கிறது. நாட்டின் சோற்றைப் பறிப்பவள் என்ற குற்றச்சாட்டுக்குப் பொருத்தமான உருவம்தான். சிரிப்பைவிட வெறுப்பு அதிகம் கலந்த படம் அது. அவள் முடிவு கில்லட்டினில்.

ஹார்ப்பிக்குக் கை உண்டா, இல்லையா? வரைய உட்கார்ந்தால் முதல் குழப்பமே இதுதான்.

பழைய கிரேக்க ஓவியங்களில் கையும் உண்டு, முதுகில் சிறகும் உண்டு. வர்ஜிலும் வளைந்த கைகள் என்று எழுதுகிறார். கை இல்லாமல் சிறகு மட்டும் உள்ள வடிவம்தான் பின்னால் பரவலானது. லீக்டென்ஸ்டைன் நாட்டின் அரசுச் சின்னத்தில் ஒரு ஹார்ப்பி இருக்கிறது, அதற்கும் கை கிடையாது.

நகைச்சுவைக்கு எது நல்லது என்றால், கை இல்லாததுதான். கை இருந்தால் அவள் சாதாரணத் திருடி. கை இல்லாவிட்டால் தட்டைத் தூக்கக் காலைப் பயன்படுத்தவேண்டும், காலைத் தூக்கினால் எங்கே நிற்பது? காப்பிக் கோப்பையை எப்படிப் பிடிப்பது, கதவை எப்படித் திறப்பது என்று ஒவ்வொரு பொருளும் ஒரு ஜோக்காகிவிடும். ஓக்கயாடோ 2012இல் தொடங்கிய 'மான்ஸ்டர் முசுமே' என்ற மாங்காவில், அதாவது ஜப்பானியக் காமிக்ஸில், பாப்பி என்ற ஹார்ப்பிப் பெண் இப்படித்தான், கைகளே சிறகுகள். கூடவே மறதி. கோழி மூன்று அடி நடந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள், அதை அப்படியே ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார்கள்.

சைரனும் ஹார்ப்பியும் ஒன்றா?

இல்லை. சைரன் பாடி மயக்குவாள், நீங்களாகவே அவளிடம் போவீர்கள். ஹார்ப்பி பாடமாட்டாள், அவளே வருவாள். உருவம் மட்டும் ஒன்றுபோல இருப்பதால் அறிஞர்களுக்கே குழப்பம் உண்டு. இன்றைய துருக்கியில் இருந்த லிசியாவிலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன 'ஹார்ப்பி கல்லறை'யில் இருப்பவை ஹார்ப்பிகள்தானா, சைரன்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஃபினியஸைக் கடைசியில் காப்பாற்றியது யார்? அதில் ஜோக் ஏதாவது தேறுமா?

தாராளமாக. ஜேசனோடு வந்த ஜெட்டிஸ், கலாயிஸ் என்ற சகோதரர்கள், வாடைக்காற்றின் பிள்ளைகள், அவர்களுக்கும் சிறகு உண்டு. சாப்பாட்டைத் தூண்டிலாக வைத்துவிட்டு வாளோடு காத்திருக்கிறார்கள். ஹார்ப்பிகள் மின்னலாக வந்து, வீரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் கடல்மேல் பறந்துவிடுகின்றன. சகோதரர்கள் விரட்டுகிறார்கள். விரல் நுனி இறகில் படுகிறது, பிடி கிடைக்கவில்லை. கார்ட்டூன் துரத்தல் காட்சி ஒவ்வொன்றும் இதேதான். பிடிபடும் நேரத்தில் ஐரிஸ் வந்து, இவை ஜீயஸின் வேட்டை நாய்கள், கொல்லாதீர்கள், இனி அந்தக் கிழவர் பக்கம் வராது என்று பாதாள நதியான ஸ்டிக்ஸ்மேல் சத்தியம் செய்து தன் சகோதரிகளைக் காப்பாற்றுகிறாள்.

அங்கே நண்பர்கள் ஃபினியஸை நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி உட்காரவைக்கிறார்கள். அவர் கனவில் சாப்பிடுவதுபோல அள்ளி அள்ளிச் சாப்பிட்டார் என்கிறார் அப்பொல்லோனியஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இதையெல்லாம் எழுதியவர் அவர்தான்.

அண்மைக் காலத்தில் யாராவது புதிதாக ஏதாவது செய்தார்களா?

ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் கதைகளைச் சொல்வேன். அவை முதலில் நாவல்கள், பிறகு படக்கதைகளாகவும் வந்தன. அங்கே ஹார்ப்பிகள் முகாமின் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறார்கள். தண்ணீரில் இல்லை, எரிமலைக் குழம்பில். இரவில் நேரம் கடந்து வெளியே திரியும் பிள்ளைகளைப் பிடித்துத் தின்ன அனுமதியும் உண்டு. எச்சில் பண்ணியே பேர் வாங்கியவர்களுக்குப் பாத்திரம் கழுவும் உத்தியோகம் கொடுத்தது நல்ல யோசனை.

மார்வலில் 1973இல் ஹல்க்கின் காதலி பெட்டி ராஸ் ஹார்ப்பியாக மாற்றப்பட்டாள். அது அதிரடிக் கதை, வேண்டுமென்றே சிரிக்கவைக்கும் கதை இல்லை.

இவற்றில் எதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்?

பார்க்ஸின் கதையைத் தயங்காமல் கொடுக்கலாம். பெர்சி ஜாக்சன் பத்து வயதுக்குமேல் சரியாக இருக்கும். 'மான்ஸ்டர் முசுமே' பெரியவர்களுக்கானது, அட்டையில் பறவைப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'நரகம்' காவியத்திலும் ஹார்ப்பிகள் வருகின்றன, பதின்மூன்றாம் காண்டத்தில், தற்கொலை செய்துகொண்டவர்கள் மரங்களாக நிற்கும் காட்டில் இலைகளைக் கொத்திக்கொண்டு. அதைப் படமாக வரைந்த பதிப்பு ஏதாவது வீட்டில் இருந்தால் மேல் தட்டில் வையுங்கள்.